வழிவிடக் கற்போம்

“விட்டுக் கொடுப்பவர் கெட்டுப் போவதில்லை” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் மொழி. வீட்டிற்கு மட்டுமன்றிச் சாலைக்கும் இது பொருந்தும். சாலையில் விட்டுக் கொடுப்பது நற்குணம் மட்டுமன்று, சட்டமும் ஆகும்.

நம் பழனிசெட்டிபட்டி அமைந்துள்ள இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் தேனி நகரம். இடையே முல்லைப் பெரியாறு. மறுபுறம் கம்பம், குமுளி செல்லும் சாலையும், போடி, மூணாறு செல்லும் சாலையும் பிரியும் போடி விலக்கு. லாரி, பேருந்து, ஜீப், மாட்டு வண்டி, மிதிவண்டி, நடப்பவர் என எல்லாரும் இச்சாலையில்தான் செல்கிறோம். ஆகவே யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

வழிவிடுதல் என்றால் என்ன?

வண்டியை நிறுத்துவது மட்டும் வழிவிடுதல் ஆகாது. வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்து, முன்னுரிமை உடையவர் தம் வேகத்தையோ திசையையோ மாற்ற நேராதபடி காத்திருப்பதே வழிவிடுதல். இதற்கான அடையாளப் பலகை தலைகீழ் முக்கோணம். வெள்ளை நிறம், சிவப்பு விளிம்பு. அமெரிக்காவின் துல்சா நகரில் கிளின்டன் ரிக்ஸ் என்ற காவல் அதிகாரியின் முயற்சியால் 1950ஆம் ஆண்டில் வழிவிடும் பலகை முதன்முதலாக நடப்பட்டது.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றிற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் விதிகளும் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. கிளைச் சாலையிலிருந்து வருபவர் முதன்மைச் சாலையில் செல்பவருக்கு வழிவிட வேண்டும். போலீஸ்காரரோ விளக்கோ இல்லாத சந்திப்பில், சாலைகள் சமமானவையாக இருந்தால், வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். விளக்கு இல்லாத வரிக்குதிரைக் கோட்டில் நடப்பவருக்கே முன்னுரிமை.

மலைச்சாலை விதியே இவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரண்டு வண்டிகள் தாராளமாக விலக இடமில்லாத இடத்தில், கீழே இறங்கும் வண்டி ஓரமாக நின்று, மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏன்? ஏறும் வண்டி பாரத்தை இழுத்துச் செல்கிறது. அது நடுவில் நின்றால், மீண்டும் கிளம்புவது கடினம். பின்னோக்கி உருளவும் கூடும். இறங்கும் வண்டி மெதுவாக வந்தால் நின்று கிளம்புவது எளிது. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நினைத்தால், இவ்விதி எத்தனை உயிர்களைக் காக்க வல்லது என்பது புரியும்.

இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ‘யார் பெரியவர்?’ என்று சட்டம் கேட்கவில்லை. ‘யாருக்கு நிற்பது கடினம்?’ என்றே கேட்கிறது. முல்லைக் கொடிக்குத் தேரைத் தந்த பாரியின் கதையும் இதுதானே! கொடியால் நகர முடியாது. மன்னரால் நடக்க முடியும். முடிந்தவர் முடியாததற்குக் கொடுத்தார்.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? லாரிக்குக் கார் ஒதுங்குகிறது. காருக்கு மிதிவண்டி ஒதுங்குகிறது. எல்லாவற்றிற்கும் நடப்பவர் ஒதுங்குகிறார். முன்விளக்கை மினுக்கினால் நம் ஊரில், “நான் வருகிறேன், நீ நில்” என்று பொருள். இங்கிலாந்திலோ பலர், “நீங்கள் போங்கள்” என்று கூறவே அவ்வாறு மினுக்குகின்றனர்!

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டு செல்லும் 108 வண்டிகளுக்கு நொடி ஒவ்வொன்றும் உயிராகும். அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இரக்கம் என்று எண்ணி, ஓடும் சாலையில் திடீரென வண்டியை நிறுத்தினால் பின்னால் வருபவர் மோத நேரிடும். வழிவிடுவதும் பிறருக்கு முன்கூட்டியே புரியும்படி இருக்க வேண்டும். அதுபோலவே, முன்னுரிமை நம்முடையது என்றாலும் எதிரில் வருபவர் நிற்கவில்லையெனில் நாம் நிற்பதே அறிவு. சாலையில் முன்னுரிமை என்பது பிறர் தந்தால் பெறுவது, பறிப்பது அன்று.

நாம் செய்ய வேண்டியவை

கியர் இல்லாத 50 சி.சி. வண்டிக்கு 16 வயதும், சொந்தப் பயன்பாட்டிற்கான பிற வண்டிகளுக்கு 18 வயதும் நிறைந்தால்தான் உரிமம் கிடைக்கும். மாணவியராகிய நமக்கு அவ்வயது வரவில்லை. ஆயினும் மிதிவண்டியில் தெருவிலிருந்து பெருஞ்சாலையில் ஏறும்போது நின்று பார்ப்போம். மூவர் கைகோத்துச் சாலையை அடைத்துச் செல்லாதிருப்போம். முதியோருக்கும், குழந்தையைத் தூக்கி வரும் தாய்மாருக்கும் முதலில் வழிவிடுவோம். அன்புள்ள பெற்றோர்களே! பள்ளி வாசலில் உங்கள் மகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நடந்து வரும் பிறர் மகளுக்கு ஒரு நிமிடம் வழிவிடுங்கள்.

ஒரு நிமிடம் பிந்துவதால் நமக்கு நட்டமில்லை. அந்த ஒரு நிமிடம் ஒரு வீட்டின் விளக்கை அணையாமல் காக்குமெனில், அதைவிடச் சிறந்த பயணம் வேறு உண்டோ?