விடியலில் முரண்டு பிடிக்கும் வண்டி

தம்பி, டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தாப் பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் பழைய அம்பாசிடர்காரரும் பத்மினிக்காரரும் காலையில் வண்டி கிளம்பவில்லை என்று உன்னைத் தேடி வருவார்கள். அதற்குள் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. வெயில் ஏறுமுன் போ. பத்து மணிக்கு அந்த வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிடும்; கோளாறு உன் கண்ணில் படாது. ராத்திரியே கடையில் விட்டுப் போகச் சொல். விடியலில் முதல் சாவியை நீ போடு. போர்வைக்குள் கிடப்பவனுக்கு இந்தக் கோளாறு பிடிபடாது.

2. கை வைக்குமுன் காது கொடு. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, 'டிக்' என்று நின்றாலோ கரண்ட் வழியைப் பார். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பெட்ரோலும் ஸ்பார்க்கும். வண்டிக்காரர் பேசும்போது குறுக்கே போகாதே. "நேற்று மழையில் நின்றது" என்பார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம் இருக்கும்.

3. பேட்டரியை விற்க அவசரப்படாதே. குளிரில் பேட்டரிக்கு வலு குறையும்; அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு என்ஜின் கனக்கும். அதனால் நல்ல பேட்டரி மீதும் பழி விழும். மீட்டரை வை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. முழு சார்ஜ் இருந்தும் செல்ஃப் அடிக்கையில் 9-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படு. போகாமலே செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு சாவி போடச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில்தான் கோளாறு. எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர், புது பேட்டரிக்குப் பணத்தோடு வந்த எஸ்டேட் டிரைவரை உட்காரவைத்துவிட்டு, துருவேறிய எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். வண்டி உடனே பிடித்தது. கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். அப்புறம் அந்த எஸ்டேட் வண்டிகளெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வந்தன.

4. ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்துக் கோபத்தைக் காட்டாதே. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதற்காகத்தான் சோக். அதற்கு மேல் மிதித்தால் பிளக் நனைந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்: காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் ஸ்பார்க்கைச் சோதி. டாஷ்போர்டில் சோக்கை இழுத்தால் கார்புரேட்டரில் லீவர் அசைகிறதா? கேபிள் அறுந்திருப்பதும் உண்டு.

5. டீசல் என்றால் முதலில் ஹீட்டர் பிளக். நாலையும் தனித்தனியாகப் பார். ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும் என்று நினைக்காதே.

6. நாளுக்கு ஒரு விடியல்தான். ஒரே ராத்திரியில் பிளக், பாயிண்ட், பேட்டரி என்று மூன்றையும் மாற்றினால் எது குணமாக்கியது என்று உனக்கே தெரியாது. காசு போவதோ வண்டிக்காரருக்கு. ஒன்றை மாற்று, அடுத்த விடியல்வரை பொறு. கழற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் அவர் கையிலேயே கொடுத்துவிடு.