வரிப் பகிர்வு: விகிதமும் தொகுப்பும்

இந்திய அரசியல் சட்டம் பணிகளைப் பங்கிட்ட விதம் வேறு; வருவாயைப் பங்கிட்ட விதம் வேறு. ஏழாவது அட்டவணையின்படி காவல், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, பாசனம் ஆகியன மாநிலங்களின் பொறுப்பாகும். பொருளாதாரத்துடன் சேர்ந்து வளரும் வருமான வரி, கம்பெனி வரி, சுங்கத் தீர்வை ஆகியவையோ மத்தியப் பட்டியலில் உள்ளன. நாடெங்கும் தொழில் நடத்தும் நிறுவனத்திற்கு மாநிலந்தோறும் வெவ்வேறு வரி விதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறை கூறுவதற்கில்லை. இதனால் விளையும் இடைவெளியை நிரப்பவே, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நிதிக் குழு அமைக்க 280-ஆவது விதி வகை செய்கிறது. முதற்குழு 1951-இல் அமைந்தது.

குழு எத்தனை சதவீதம் பரிந்துரைத்தது என்பதே பெரிதும் விவாதிக்கப்படுகிறது. எத்தொகையில் அந்தச் சதவீதம் என்னும் வினா அதனினும் முக்கியமானது. கம்பெனிகள் செலுத்திய வருமான வரியை 1959-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கம்பெனி வரியாக வகைப்படுத்தியது. அந்நாளில் கம்பெனி வரி பகிர்வுக்கு உட்பட்டதன்று. எனவே வருமான வரியில் மாநிலங்களின் பங்கை ஏழாவது நிதிக் குழு 85 சதவீதமாக உயர்த்தியபோதும், கம்பெனி வரி தொகுப்பிற்கு வெளியிலேயே நின்றது. மாநிலங்களின் இந்த நெடுநாள் மனக்குறையை 2000-ஆம் ஆண்டின் 80-ஆவது திருத்தம் நீக்கியது. மத்திய வரிகள் பெரும்பாலும் ஒரே தொகுப்பாயின. பதினான்காவது குழு அதில் 42 சதவீதத்தையும், பதினைந்தாவது குழு 41 சதவீதத்தையும் மாநிலங்களுக்கு வழங்கப் பரிந்துரைத்தன.

ஆயினும் சர்சார்ஜ் எனப்படும் கூடுதல் வரியும், குறிப்பிட்ட நோக்கத்திற்கென விதிக்கப்படும் செஸ் வரியும் தொகுப்பில் சேரா. அவசரத் தேவைக்குச் சிறிது காலம் விதிக்கப்பட்டால் இவற்றில் தவறில்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போதுதான் பகிர்வின் சமநிலை பாதிக்கப்படுகிறது.

2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டம் இதற்குத் தெளிவானதோர் உதாரணம். பெட்ரோல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசு வேளாண் அடிப்படைக் கட்டமைப்பு செஸ் புதிதாக விதிக்கப்பட்டது. வாங்குவோருக்குச் சுமை கூடாதிருக்க, அடிப்படை உற்பத்தித் தீர்வை 2 ரூபாய் 98 காசிலிருந்து 1 ரூபாய் 40 காசாகவும், சிறப்புக் கூடுதல் தீர்வை 12 ரூபாயிலிருந்து 11 ரூபாயாகவும் குறைக்கப்பட்டன. வண்டிக்குப் பெட்ரோல் போட்டவர் எந்த மாற்றத்தையும் உணரவில்லை. ஆனால் இவற்றுள் மாநிலங்களுடன் பகிரப்படுவது அடிப்படைத் தீர்வை ஒன்றே. அதுவே பாதிக்கும் கீழாயிற்று.