இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளையை வளர்த்தல்

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. முகம் வெளிறுகிறது. அடிபடாமலே காலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன. பெரிய மருத்துவமனையில் இரத்தமும் எலும்பு மச்சையும் சோதித்த பின்னர், இரத்தப் புற்றுநோய் என்கிறார் டாக்டர். பிள்ளையை இழந்துவிட்டதாகவே எண்ணிப் பெற்றோர் கலங்குகின்றனர். 1950ஆம் ஆண்டுகளில் அவ்வாறு எண்ணியதற்குக் காரணமிருந்தது. இன்று இல்லை. பிள்ளைகளுக்கு மிகுதியாக வரும் வகை, முழுமையான சிகிச்சை கிடைத்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் குணமாகிறது. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் கூடி நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்விலும் இத்தகைய பலனே கண்டது.

'முழுமையான' என்னும் சொல்லைக் கவனியுங்கள். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். முதல் மாதத்திலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோயின் அடையாளம் மறைந்துவிடும், பிள்ளை ஓடியாடும். மறைந்திருக்கும் நோயணுக்களை ஒழிப்பதற்காகவே எஞ்சிய மாதங்கள். அந்நாட்களில் வீட்டில் கொடுக்கும் மாத்திரையை அடிக்கடி தவறவிட்டால் நோய் மீளக்கூடும். விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் மாத்திரை மறந்துபோவது இயல்பு. மாலையில் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டு, ஒரே நேரத்தை வழக்கமாக்குங்கள். கொடுத்ததும் நாட்காட்டியில் கோடிடுங்கள்.

வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை அறிவீர்கள். இந்நோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் என்னும் ஊசிமருந்து அச்செடியிலிருந்து கண்டெடுக்கப்பட்டதே. அதற்காக இலையைக் காய்ச்சிக் கொடுத்துவிடாதீர்கள். செடி நச்சுத்தன்மை உடையது. பெருங்குவியலான இலையிலிருந்து மிகச் சிறிதளவே மருந்தைப் பிரித்தெடுத்து, பிள்ளையின் உடலளவுக்குக் கணக்கிட்டு ஊசியேற்றுகிறார்கள். வேறு நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலன்று. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும். வெப்பமானி 38 பாகையைக் காட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூறிப் புறப்படுங்கள். கேளாமல் காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும்வரை பொறுப்பது கூடாது. தோட்டத்தில் யாருடைய கார் இரவில் கிடைக்கும் என்பதை முன்னதாகவே பேசி வையுங்கள்.

இனி வளர்ப்பு. ஆசிரியனாக இருந்தவன் என்பதால் இதில் சற்று நேரம் நிற்கிறேன். "ஊசி வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிச் செல்லாதீர்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்தமுறை உங்களையே நம்பாது. "சிறிது வலிக்கும், அம்மா கையைப் பிடித்திருப்பேன்" என்பது போதும். தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று சிறு பிள்ளைகள் தமக்குள் எண்ணிக்கொள்வதுண்டு. "இது உன் குற்றமில்லை" என்று பலமுறை சொல்லுங்கள். இரவில் வந்து படுக்கவேண்டும், தங்கையை அடிக்கக் கூடாது என்னும் பழைய விதிகள் நிலைக்கட்டும். எல்லா விதியும் தளர்ந்தால், தனக்கு ஏதோ பயங்கரம் நேரப் போகிறதென்று பிள்ளை அஞ்சும். ஆனால் ஸ்டிராய்டு மருந்து எடுக்கும் நாட்களில் அடங்காப் பசியும் கோபமும் வரும். அது மருந்தின் வேலை. அப்போது பிரம்பைத் தேடுவது அறிவீனம்.

முடி உதிர்வதையும் முன்னரே கூறிவிடுங்கள். சிகிச்சைக்குப் பின் முளைத்துவிடும். பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட மற்றப் பிள்ளைகளை மறவாதீர்கள். இந்நோய் தொற்றாது, அவர்கள் தம்பியுடன் விளையாடலாம். ஆனால் அவர்களுக்கோ அண்டை வீட்டிலோ சின்னம்மை கண்டால், அம்மை போட்டிருக்கிறதென்று மௌனம் காக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். உடலெதிர்ப்பு குன்றிய பிள்ளைக்கு அது கொடியது. தடுக்கும் மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.