மட்டி அவிக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

"களப்பில் அள்ளுகிற மட்டியை நன்றாகக் கழுவி, நன்றாக அவித்துத்தானே சாப்பிடுகிறோம், பிறகென்ன பயம்?" என்று பனிச்சங்கேணியிலிருந்து கேட்டிருந்தீர்கள். வாசித்ததும் எனக்கு வாயலூர் நினைவு வந்தது.

தமிழ்நாட்டில் கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர் அது. 1981இல் அங்கே மட்டி சாப்பிட்டவர்களில் 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 1997இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் என்ற சிப்பியைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள்.

இரண்டுக்கும் காரணம் பாசியின் நஞ்சு. மட்டி தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பாசியை வடித்துத் தின்று வாழ்வது. அந்தப் பாசிகளில் சில, சாக்சிடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். மட்டி அதைச் சதையில் சேர்த்துக்கொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். மணம் மாறாது, ருசி மாறாது. கிருமியைக் கொல்லும் கொதிநீர் இந்த நஞ்சை அழிக்காது. முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், விரல் நுனி கூசும். கடுமையானால் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். மாற்று மருந்து இல்லை. நேரத்தோடு போனால் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றலாம். பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீரின் நிறத்தையும் நம்ப முடியாது. மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கும் பூங்கோரைப் பாசி மீனைச் சாகடிக்கும், ஆனால் இந்த நஞ்சு அதில் இல்லை. தெளிந்த தண்ணீரில் நஞ்சுப் பாசி இருக்கலாம்.

அதனால்தான் அள்ளுமுன்பே பார்க்க வேண்டும் என்கிறேன். கண்காணிப்பு உள்ள கடல்களில், அள்ளும் இடத்துத் தண்ணீரை ஒழுங்காக எடுத்து, நுணுக்குக்காட்டியில் பாசியை இனம் பிரித்து எண்ணுவார்கள். மட்டிச் சதையையும் சோதிப்பார்கள். நஞ்சு கிலோவுக்கு 800 மைக்கிரோகிராமைத் தாண்டினால் அந்த இடத்தில் அள்ளுவதைத் தடுப்பார்கள், இறங்கியதும் விடுவார்கள். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் மட்டிக்கு இது சட்டம். உங்கள் பிள்ளைகளின் தட்டுக்குப் போகும் மட்டிக்கும் இதே காவல் வேண்டும். உங்கள் மீனவர் சங்கம் நாரா என்ற நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்கட்டும். முடிவைத் தமிழில் உங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஒட்டச் சொல்லுங்கள்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். மட்டி சாப்பிட்ட யாருக்காவது உதடு விறைத்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே வாகனம் பிடியுங்கள். மிச்சக் கறியை ஒரு போத்தலில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், சோதிக்க அது வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்