முகவரி மாற்றமும் வழிமாற்று விதிகளும்

ஒருவன் தன் முகவரியைப் பிறருக்கு எழுதிக் கொடுப்பது ஒருவகையில் வாக்குக் கொடுத்தலேயாகும். இவ்விடத்துக்கு வந்தால் என்னைக் காணலாம் என்பதே அவ்வெழுத்தின் பொருள். வீடு மாறுதல் குற்றமன்று; மாறிய செய்தியைப் பழைய வாயிலில் வைத்துச் செல்லாமையே குற்றம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ம் ஆண்டில் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அத்தகைய காலங்களில், பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய இடத்துக்குத் திருப்பியனுப்புமாறு அஞ்சல் நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அமையும். இணையத்திலோ அத்தகைய அஞ்சல் நிலையம் இல்லை. தளத்தை நடத்துவோரே அஞ்சல்காரராகவும் இருந்து, சர்வர் என வழங்கும் வழங்கி இயந்திரத்தில் வழிமாற்று விதிகளை எழுதி வைத்தல் வேண்டும். அவ்விதிகளை எழுதும் முறையையும், அவை பிழைபட்டவிடத்துக் காரணங் காணும் முறையையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் நமக்கு உரியதாதல்

கணிப்பொறித் துறையார்க்கன்றோ இது வேண்டும், பின்னலாடைத் தொழில் மிகுந்த நம் அருள்புரத்தார்க்கு இதனாற் பயன் என்னை என்று சிலர் வினவக்கூடும். பல்லடம் சாலையின் இருமருங்கும் உள்ள தொழிற்கூடங்களில் தைக்கப்படும் ஆடைகளின் லேபிளைக் காண்க. கியூ.ஆர். குறி அச்சிட்ட லேபிள்கள் இப்போது பெருகி வருகின்றன. அக்குறியினுள் அடங்கியிருப்பது பெரும்பாலும் ஓர் இணைய முகவரியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ம் ஆண்டு ஜூலை 18-ம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, பொருள்களுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு அமைக்கும் ஏற்பாட்டை வகுத்துள்ளது. அச்சட்டத்துக்கென 2025-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியான செயல்திட்டம் ஆடைகளை முதன்மைப் பொருள்களுள் ஒன்றாகக் குறித்திருக்கிறது.

தூத்துக்குடியிற் கப்பலேறிய சட்டை ஒன்று ஹாம்பர்க் நகரத்து வீடொன்றில் ஐந்தாண்டு உடுத்தப்படுகிறதென்று கொள்வோம். அதற்குள் ஆடையைச் செய்த நிறுவனம் தன் தளத்தை இருமுறை புதுப்பித்திருத்தல் கூடும். தளத்தை மாற்றலாம், சட்டையிற் தைத்த லேபிளை மாற்ற ஒண்ணாது. அந்த லேபிளிலுள்ள முகவரி பயனற்றுப் போகாமற் காப்பது வழங்கியில் எழுதப்பட்ட ஓரிரு வரி விதியேயாம்.

அகமாற்று, புறமாற்று

இத்துறையில் முதற்கண் உணரவேண்டுவது, ஒன்றுபோற் தோன்றும் இரு செயல்களின் வேற்றுமை. ரீரைட் என்பது வழங்கி தன்னகத்தே முகவரியை மாற்றியெழுதிக் கொள்ளுதல்; வந்தவர்க்கு அஃது தெரியாது. ரீடைரக்ட் என்பது, நீ கேட்டது இங்கில்லை, இன்ன முகவரிக்குச் செல்க என்று வந்தவர்க்கே மறுமொழி கூறித் திருப்பியனுப்புதல். முன்னதை அகமாற்று என்றும் பின்னதைப் புறமாற்று என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

2003-ம் ஆண்டிற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இவ்விரண்டையும் காணலாம். அங்கே முகவரியில் விக்கி என்னும் சொல்லும் அதன்பின் கட்டுரைத் தலைப்பும் மட்டுமே தோன்றும். உள்ளேயோ, கட்டுரை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக இல்லை. ஒரே நிரல்தான் எல்லாத் தலைப்புகளையும் ஏற்றுப் பக்கத்தை ஆக்கித் தருகிறது. இஃது அகமாற்று. விக்கிமீடியா நிறுவனத்தார் 2015-ம் ஆண்டில் தம் தளங்கள் யாவற்றையும் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். வழிக்கு மாற்றியபோது, பழைய வழியில் வருவோரைப் புதிய வழிக்குத் திருப்பியனுப்பலாயினர். இது புறமாற்று. வாசகரின் முகவரிப் பட்டையில் உள்ளது மாறவேண்டுமா, மாறாதிருக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே விதி எழுதத் தொடங்குதல் வேண்டும்.

எண்களின் பொருள்

புறமாற்று ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் தாங்கிச் செல்லும். 301 என்பது நிரந்தர மாற்றம். 302 என்பது தற்காலிக மாற்றம். நிரந்தரம் என்று கேட்ட உலாவி அதனை நினைவிற் பதித்துக்கொண்டு, மறுமுறை நம் வழங்கியைக் கேளாமலே புதிய இடத்துக்குச் சென்றுவிடும். ஆதலால், 301-ஐத் தவறாகச் சொல்லிவிட்டுப் பின்னர்த் திருத்தினாலும், முன்பே கேட்டவரின் உலாவியில் அத்தவறு நிலைத்திருத்தல் கூடும்.

இதன் அருமையை விளக்கத் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2020-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் அரசாணை வெளியிடப்பெற்றது. சில நாள்களுள் அதே மாதத்திலேயே திரும்பப் பெறவும்பட்டது. அச்சில நாள்களில், ஊர்ப் பெயர் அமைந்த தன் தளத்தின் முகவரிகளை ஒருவர் புதிய எழுத்துக்கு மாற்றி 301 என்று அறிவித்திருப்பின், ஆணை போன பின்னும் பலருடைய உலாவிகள் இல்லாத இடத்தையே நாடிக்கொண்டிருக்கும். 302 என்று அறிவித்திருப்பின் அத்தொல்லை இல்லை. முதலில் 302-ஐ வைத்துச் சோதித்து, மாற்றம் நிலையானது என்று துணிந்த பின்னரே 301 ஆக்குதல் அறிவுடைமை.

இன்னும் இரண்டு எண்கள் உள. ஒருவர் ஆர்டர் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது 301 அல்லது 302 குறுக்கிட்டால், நிரப்பியவற்றை விட்டுவிட்டு வெறும் பக்கத்தைக் கேட்கும் பழக்கம் உலாவிகளுக்கு உண்டு. அனுப்பிய முறை சிறிதும் மாறாமற் போகவேண்டுமானால், தற்காலிகத்துக்கு 307-ஐயும் நிரந்தரத்துக்கு 308-ஐயும் கையாள வேண்டும். பக்கம் ஒன்றை அறவே நீக்கிவிட்டோமாயின், வந்தவரை முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுதல் முறையன்று. 410 என்னும் எண்ணால் இப்பொருள் நீக்கப்பட்டது என்று உண்மையைக் கூறிவிடுதலே நன்று.

விதி எழுதும் முறை

அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளில் இப்பணிக்குரிய உறுப்பு மாட்ரீரைட் எனப்படும். அதனை 1996-ம் ஆண்டில் ரால்ஃப் எங்கெல்ஷால் என்பார் எழுதினர். ஏவற்சொற்கள் ரோமன் எழுத்தில் எழுதப்படுவன. அவற்றின் ஒலியை ஈண்டுத் தமிழில் தருகின்றோம். நிறுவனம் ஒன்று படிவம்/101 என்றிருந்த முகவரிகளையெல்லாம் பொருள்/101 என்று மாற்ற விரும்பின், விதி இவ்வாறு அமையும்:

ரீரைட்ரூல் ^படிவம்/([0-9]+)$ /பொருள்/$1 [ஆர்=302,எல்]

^ என்பது முகவரியின் தொடக்கத்தையும், முதற்பகுதியின் இறுதியிலுள்ள $ அதன் முடிவையும் குறிக்கும். அடைப்புக்குள் இருப்பது எண்களை மட்டும் பற்றி நினைவில் வைத்துக்கொள்ளும். பற்றிய எண்ணை $1 என்பது புதிய முகவரியிற் கொண்டு சேர்க்கும். ஆர் என்பது புறமாற்றையும், எல் என்பது இச்சுற்றில் இதுவே கடைசி விதி என்பதையும் உணர்த்தும். ஆர் இல்லையாயின் இவ்விதி அகமாற்றாகிவிடும்.

தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் சிறியன என்று விட்டுவிடலாகாது. அவை இல்லையேல் பழைய-படிவம்/101/அளவு என்னும் வேறொரு முகவரியும் இவ்வலையில் அகப்பட்டு, அளவு என்னும் பகுதியை இழந்து தவறான பக்கத்துக்குப் போகும். புதிய முகவரியே /பொருள்/படிவம்/101 என்று அமைந்துவிட்டால், அதிலும் பழைய சொல் இருத்தலின், விதி தன்னைத் தானே மீண்டும் மீண்டும் அழைத்து முடிவின்றிச் சுழலும். விதிகளை வரிசைப்படுத்துங்கால், குறுகிய பொருளுடையதை முன்னும் பரந்த பொருளுடையதைப் பின்னும் வைத்தல் வேண்டும். பரந்தது முன்வரின் ஏனையவற்றுக்கு இடமின்றிப் போம்.

தமிழ் முகவரிகளுக்குரிய இடர்கள்

தமிழில் முகவரி அமைப்பார் தனியே கவனிக்கவேண்டிய செய்திகள் மூன்று. முதலாவது அளவு. திருப்பூர் என்னும் சொல் யூனிகோடு முறையில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவை தனித்தனியே எண்ணப்பட்டுப் பத்துக் குறிகளாகும், யூ.டி.எஃப்.-8 முறையில் குறிக்கு மூன்றாக முப்பது பைட்டுகளாகும். சதவீதக் குறியிட்டு அனுப்புங்கால் தொண்ணூறு எழுத்துகளாக நீளும். விதியில் எதுவாயினும் ஓர் எழுத்து என்று பொருள்படும் புள்ளியை இட்டால், அப்பாச்சி அதனை ஒரு பைட்டு என்றே கொள்ளும். அஃது ஒரு தமிழ்க் குறியின் மூன்றில் ஒரு பங்கே.

இரண்டாவது இரட்டைக் குறியீடு. சதவீதக் குறியிட்ட முகவரியை விதியின் இரண்டாம் பகுதியில் அப்படியே எழுதிவைத்தால், வழங்கி அதனை மறுபடியும் குறியிட்டு, % என்பதை %25 என்று ஆக்கிவிடும். சென்று சேரும் முகவரியில் %25 மலிந்து காணப்படின், நோய் இதுவென்று துணியலாம். என்.இ. என்னும் கொடியை விதியின் இறுதியிற் சேர்த்தல் அதற்கு மருந்து.

மூன்றாவது கண்ணுக்குப் புலப்படாதது. கோவை என்று எழுதும்போது, ககரத்தின்மேல் ஏறும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். முன்னே இரட்டைக்கொம்பும் பின்னே காலுமாக இரு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளிலோ முன்னது பன்னிரண்டு; பின்னது பதினைந்து. வழங்கி கண்ணாற் படிப்பதன்று, பைட்டுகளால் ஒப்பிடுவது. ஆகவே எழுத்துப் பிழையே இல்லாத விதி பொருந்தாமற் போனால், விசைப்பலகை எவ்வகைக் குறியை இட்டதென்று ஆராய்தல் வேண்டும்.

பிழை காணும் முறை

விதி வேலை செய்யவில்லையென்றால், அதனைக் கண்டபடி மாற்றி மாற்றிப் பார்த்தல் பயனற்றது. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் ஒழுங்காக நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதல் வினா: விதி படிக்கப்படுகிறதா? அப்பாச்சியில் விதிகளை எச்.டி.ஆக்சஸ் என்னும் கோப்பில் எழுதும் வழக்கம் உண்டு. தலைமை அமைப்பில் அலவ்ஓவர்ரைட் என்பது இல்லை என்றிருந்தால் அக்கோப்பை வழங்கி ஏறிட்டும் பாராது. சோதனைத் தளத்தில் அக்கோப்பின் முதல் வரியில் பொருளற்ற சொல் ஒன்றை எழுதிப் பார்க்கலாம். 500 என்னும் பிழை தோன்றாவிடின் கோப்பு படிக்கப்படவில்லை என்பது உறுதி. இகோர் சிசோயெவ் என்பார் 2004-ம் ஆண்டில் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்னும் வழங்கி அக்கோப்பை ஒருபோதும் படிப்பதில்லை. அங்கே விதிகளைத் தலைமை அமைப்பிலேயே அதற்குரிய நடையில் எழுதவேண்டும்.

இரண்டாம் வினா: விதியின் கண்ணுக்கு எது தெரிகிறது? தலைமை அமைப்பில் எழுதிய விதிக்கு முகவரி சாய்கோட்டுடன் தொடங்கும், எச்.டி.ஆக்சஸ் கோப்பில் எழுதியதற்கு அக்கோடு இராது. ஓரிடத்து விதியை மற்றோரிடத்துக்கு அப்படியே படியெடுப்பவர் இடறும் இடம் இதுவே. மேலும், முகவரியில் வினாக்குறிக்குப் பின் வரும் பகுதி ரீரைட்ரூலுக்குத் தெரியாது. அதனைச் சோதிக்க ரீரைட்காண்ட் என்னும் நிபந்தனை வரி வேண்டும்.

மூன்றாம் வினா: சுழற்சி உண்டா? எச்.டி.ஆக்சஸ் கோப்பில் அகமாற்று நிகழ்ந்தவுடன் விதிகள் முதலிலிருந்து மறுபடியும் ஓதப்படும். எல் என்பது அச்சுற்றை மட்டுமே நிறுத்தும். முற்றும் நிறுத்த எண்டு என்னும் கொடி வேண்டும். புறமாற்றுச் சுழற்சியில் உலாவியே சலித்து நின்றுவிடும். அதற்குரிய பொதுக் காரணங்களுள் ஒன்று இது: வழங்கியின் முன்னே வேறோர் இயந்திரம் நின்று எச்.டி.டி.பி.எஸ். வழியில் வருவோரை ஏற்று, உள்ளே சாதாரண வழியில் அனுப்புகிறது. உள்ளேயிருக்கும் வழங்கியோ, வந்தவர் பாதுகாப்பற்ற வழியில் வந்தார் என்றெண்ணி மறுபடியும் வெளியே அனுப்புகிறது. முன்நின்ற இயந்திரம் சேர்த்தனுப்பும் தலைப்புக் குறிப்பைப் பார்த்து விதி எழுதினால் இச்சுழற்சி நீங்கும்.

நான்காம் வினா: நாம் காண்பது இன்றைய மறுமொழியா, உலாவியின் பழைய நினைவா? இதனைத் தெளிய உலாவியை நம்பாமல், கர்ல் என்னும் கருவியால் தலைப்புகளை மட்டும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். அது பழையதொன்றையும் நினைவிற் கொள்ளாது. எந்த எண்ணுடன் எவ்விடத்துக்கு அனுப்பப்பட்டோம் என்பதைப் படிப்படியாகக் காட்டும். அப்பாச்சியின் பதிவேட்டில் ரீரைட் பகுதிக்கு மட்டும் டிரேஸ் அளவை உயர்த்தினால், விதிகள் ஒவ்வொன்றும் எதனை எதனோடு ஒப்பிட்டன என்பதும் விளங்கும். வேலை முடிந்தபின் அவ்வளவைக் குறைத்துவிடுதல் வேண்டும்; இல்லையேல் பதிவேடு மிகப் பெருகிவிடும்.

முடிவுரை

உலகளாவிய வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை 1998-ம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். ஆதலின் முகவரி வகுக்கும்போதே, மாறக்கூடிய ஆண்டு, அலுவலர் பெயர், மென்பொருளின் பெயர் ஆகியவற்றை அதிற் புகுத்தாமை முதற்கடமை. மாற்றியே தீரவேண்டின், பதிவேட்டிலிருந்து மக்கள் உண்மையிற் கேட்ட பழைய முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் சேரவேண்டிய இடத்தை அருகில் எழுதி, அப்பட்டியலை விதிகளின் முன்னும் பின்னும் சோதித்தல் இரண்டாம் கடமை. பழையதிலிருந்து இடைப்பட்டதற்கும், அதிலிருந்து புதியதற்குமாகச் சங்கிலி போல் அலைக்கழியாமல், ஒரே அடியில் இறுதியிடத்துக்கு அனுப்புதல் மூன்றாம் கடமை.

நம் மாணவருட் பலர் நாளை இவ்வட்டாரத்து நிறுவனங்களின் தளங்களைப் பேணும் பொறுப்பை ஏற்பர். பழைய தளத்தை மூடும் நாளில் அவ்விடத்தே எவரும் வாரார் என்று எண்ணிவிட வேண்டா. தொலை நாட்டில் ஒருவர் தம் சட்டையின் லேபிளிற் கண்ட முகவரியை நம்பி என்றேனும் வருவார். அவரை நாம் அறியோம். அவரும் நம்மை அறியார். எனினும் அவருக்குக் கொடுத்த வாக்கு நம்முடையதேயாதலால், அவர் வரும்போது கதவடைத்திருத்தல் ஆகாது.