ஏரும் நுகமும்: ஹோவெல் பண்ணையில் ஒரு நாள்



தை பிறந்ததும் பொங்கல் வைக்கிறோம். மறுநாள் மாட்டுப் பொங்கல் என்று வாழ்த்தும் சொல்லிக்கொள்கிறோம். "மாட்டுக்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?" என்று தமிழ் வகுப்பில் ஒரு குழந்தை கேட்டது. "பால் தருகிறதே" என்று சொல்லி முடித்துவிட்டோம். அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலைக் கண்ணால் காட்டலாம் என்று சில குடும்பங்களாகச் சேர்ந்து ஹோவெல் பண்ணைக்குச் சென்று வந்தோம்.

பண்ணை

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணம். மெர்சர் கவுண்டியில், லாம்பர்ட்வில் ஊருக்கு அருகே 130 ஏக்கரில் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த சார்லஸ் ஹோவெலின் நினைவாக, அவருடைய மனைவி ஐனெஸ் ஹோவெல் 1974-இல் இதைக் கவுண்டிக்குக் கொடுத்தார். 1890 முதல் 1910 வரை இப்பகுதியில் விவசாயம் எப்படி நடந்ததோ அப்படியே இங்கு நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை அறுப்பார்கள். பிறகு மேப்பிள் பாகு காய்ச்சுவது, உழவு, ஆட்டு ரோமம் கத்தரிப்பது, அறுவடை என்று பருவத்துக்கு ஒரு வேலை.

நுகம்

எங்களுடன் வந்தவர்களில் ஒரு தாத்தா, தஞ்சாவூர்ப் பக்கம் உழுது வாழ்ந்தவர். மகன் வீட்டுக்கு வந்த நாள் முதல் அதிகம் பேசாதவர், எருதுகளைக் கண்டதும் நின்றுவிட்டார். "திமிலே இல்லையேப்பா, நுகத்தடி எப்படி நிக்கும்?" என்றார்.

சரியான கேள்வி! நம் ஊர் மாட்டின் திமிலுக்கு முன்னால் நுகத்தடியை வைத்தால், இழுக்கும்போது அது திமிலில் தாங்கிக்கொள்ளும். நழுவாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிப் பூட்டாங்கயிறு போதும். இங்குள்ள ஐரோப்பிய இன மாடுகளுக்குத் திமில் கிடையாது. அதனால் லாடம் போல் வளைத்த மரத்தைக் கழுத்துக்குக் கீழிருந்து நுகத்தில் செருகிப் பூட்டுகிறார்கள்.

நம் ஊரில் மூக்கணாங்கயிற்றால் மாட்டைத் திருப்புவோம். இங்கே வாய்ச்சொல்தான்: "ஜீ" என்றால் வலப்பக்கம், "ஹா" என்றால் இடப்பக்கம். குழந்தைகள் உடனே கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு "வலத்த மாடு, இடத்த மாடு" என்பதைத் தாத்தா கற்றுக்கொடுத்தார்.

கலப்பை

நம் நாட்டுக் கலப்பை மரத்தால் ஆனது. முனையில் மட்டும் இரும்புக் கொழு. அது மண்ணைக் கீறிச் செல்லும், புரட்டாது. இங்குள்ள கலப்பையில் வளைந்த இரும்புத் தகடு உண்டு. அது மண்ணைப் பெயர்த்துக் கவிழ்த்துவிடும். வார்ப்பிரும்புக் கலப்பைக்கு 1797-இல் காப்புரிமை பெற்றவர் நமது நியூ ஜெர்சியின் பர்லிங்டன் கவுண்டியைச் சேர்ந்த சார்லஸ் நியூபோல்ட். ஆனால் இரும்பு மண்ணை நஞ்சாக்கிவிடும் என்று பயந்து அன்றைய விவசாயிகள் அதை ஏற்கவில்லை. பழையதை எளிதில் விடாதவர்கள் நாம் மட்டும் அல்ல!

வீட்டுக்கு எடுத்து வந்தது

திருக்குறளில் உழவுக்கென்றே 104-ஆம் அதிகாரம் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யும் நம் குழந்தைகளுக்கு ஏர் என்பது வெறும் இரண்டெழுத்துச் சொல். டிராக்டர் வந்தபின் தமிழ்நாட்டிலேயே மேழி, கொழு, நுகம் என்ற சொற்கள் புழக்கத்தில் குறைந்து வருகின்றன. ஏர் பிடித்த கைகள் இன்னும் நம் வீடுகளுக்கு விருந்தாளியாக வருகின்றன. அவர்கள் ஊர் திரும்புவதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

திரும்பும் வழியில் அதே குழந்தை சொன்னது: "மாடு உழுதாதான் சாதம். அதுக்குத்தான் தாங்க்ஸ்." மீதிப் பதில் கிடைத்துவிட்டது.

குழந்தைகளுக்குப் பயிற்சி

1. நுகம், மேழி, கொழு, மூக்கணாங்கயிறு: படம் வரைந்து பெயர் எழுதுக.
2. திமில் உள்ள மாட்டுக்கும் இல்லாத மாட்டுக்கும் நுகம் பூட்டுவதில் என்ன வேறுபாடு?
3. தாத்தா பாட்டியிடம் கேட்டு, விவசாயச் சொற்கள் ஐந்து எழுதி வருக.

அன்னபூரணியின் அருளால் உழவும் உழவரும் வாழ்க!