எழுத்தில் பிறந்த சின்னம்

கண்ணைக் கவரக் கோடு இழுப்பதே வரைகலை என்று பலர் எண்ணுவர். அக்கோடு காண்போர்க்குப் பொருளையும் உணர்த்தல் வேண்டும். அவ்வாற்றல் ஒரு நாளில் கைகூடுவதன்று. முறையாகக் கற்றுப் பழகிப் பெறுவதாகும். இதற்கு உதயகுமார் என்னும் தமிழரின் கல்வி தக்க சான்றாகும்.

அவர் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றார். பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்புக் கலை கற்றார். அங்கு முனைவர் பட்டத்திற்கு அவர் மேற்கொண்ட ஆய்வு, தமிழ் அச்செழுத்துக்களைப் பற்றியது. எழுத்தை ஆராய்வோர் அதன் வளைவு, கோட்டின் பருமன், இடைவெளி ஆகியவற்றை நுணுகி நோக்குவர். அந்நோக்கே வடிவமைப்பாளர்க்கு முதற்கருவி.

இந்திய அரசு ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டி 2009ஆம் ஆண்டில் போட்டி அறிவித்தது. 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. 2010 ஜூலை 15ஆம் நாள் உதயகுமாரின் வடிவம் ஏற்கப்பெற்றது. தேவநாகரி ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீங்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாயின. மேலுள்ள இரு கிடைக்கோடுகளும் அவற்றின் இடைவெளியும் மூவண்ணக் கொடியை நினைவூட்டுவன.

இன்று விலைப்பலகையிலும் நாணயத்திலும் விளங்கும் அக்குறியை எழுத ஒரு நொடி போதும். ஆயின், அதனை உருவாக்கப் பல்லாண்டுக் கல்வி துணைநின்றது. வடிவமைப்புத் தொழிலை நாடும் மாணவர், வண்ணத்தைக் கையிலெடுக்குமுன் எழுத்தை உற்று நோக்கப் பழகுதல் நன்று.